நிலம் நடுங்கினாலும் நீரும் மின்சாரமும் வழியும் நிலைக்கட்டும்: பெரணமல்லூர் மக்களின் கொள்கைப் பிரகடனம்

பெரணமல்லூரின் நெசவாளர்களும் உழவர்களும் வணிகர்களும் ஒன்றுகூடி இந்த இயக்கத்தைத் தொடங்குகிறோம்.

இங்கெல்லாம் பூகம்பம் வராது என்பார்கள். மகாராஷ்டிரத்தின் கில்லாரியும் அப்படித்தான் நம்பியிருந்தது. நாட்டின் நிலநடுக்க வரைபடத்தில் ஆபத்து மிகக் குறைந்த முதல் மண்டலத்தில் இருந்த ஊர் அது. 1993 செப்டம்பர் 30 அன்று விடியுமுன் 6.2 அளவில் நிலம் குலுங்கியது. அந்த வட்டாரத்தில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2001 செப்டம்பர் 25இல் புதுச்சேரிக் கடலில் எழுந்த அதிர்வைச் சென்னையும் உணர்ந்தது. 2002இல் வரைபடம் திருத்தப்பட்டபோது முதல் மண்டலமே நீக்கப்பட்டது. சென்னை மூன்றாம் மண்டலத்துக்கு உயர்த்தப்பட்டது.

வீடு இடிவதோடு துயரம் முடிவதில்லை. 2001 ஜனவரி 26 அன்று குஜராத்தின் கட்ச் நடுங்கியபோது புஜ் நகரின் அரசு மருத்துவமனை இடிந்தது. அஞ்சாரின் துணைமின் நிலையம் சேதமடைந்தது. கட்ச்சுக்குள் நுழையும் சூரஜ்பாரி பாலம் பழுதுபட்டது. ஒற்றைத் தண்டின் மேல் நின்ற தண்ணீர்த் தொட்டிகள் பல, அடிப்பகுதியில் விரிசல் கண்டன. 1995இல் ஜப்பானின் கோபே நகரில் நிலநடுக்கத்தை அடுத்துத் தீ பரவியபோது, குழாய்கள் உடைந்திருந்ததால் தீயணைப்பு வீரர்களுக்குத் தண்ணீர் கிடைக்கவில்லை. பட்டும் சரிகையும் மரத்தறியும் நிறைந்த எங்கள் வீடுகளை எண்ணி அஞ்சுகிறோம்.

ஆனால் காக்க முடியும். 2011 மார்ச் 11இல் ஜப்பான் 9.0 அளவில் குலுங்கியபோது, ஓடிக்கொண்டிருந்த ஷின்கான்சென் அதிவேக ரயில்களில் ஒரு பயணிகூட இறக்கவில்லை. முன்கூட்டியே செய்த ஏற்பாடு காப்பாற்றியது. பெருநகரத்தில் ஒரு வழி அடைபட்டால் மறுவழி உண்டு. சிற்றூரில் அது அரிது. ஆகவே சிற்றூருக்குத்தான் உறுதி கூடுதலாக வேண்டும்.

எங்கள் கொள்கைகள்:

1. மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டிகள் அனைத்தையும் பொறியாளர்கள் சோதிக்க வேண்டும். அறிக்கை பேரூராட்சி அலுவலகத்தில் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும். தொட்டியோடு குழாய் சேருமிடத்தில் வளைந்துகொடுக்கும் இணைப்பு வேண்டும்.

2. பொதுக்கிணறுகளும் கைப்பம்புகளும் மின்சாரம் இல்லாத நாளுக்காகப் பழுதின்றிப் பேணப்பட வேண்டும்.

3. மின்மாற்றிகள் நகராதபடி திருகாணியால் பிணைக்கப்பட வேண்டும். மருத்துவ நிலையத்துக்கும் கைபேசிக் கோபுரங்களுக்கும் மாற்று மின்சாரம் வேண்டும்.

4. ஆரணிக்கும் வந்தவாசிக்கும் செல்லும் சாலைகளின் பாலங்களில், தளம் தூணைவிட்டு நழுவாமல் தடுக்கும் அமைப்பு உண்டா என ஆராய வேண்டும்.

5. அரசுப் பணத்தில் எழும் எந்தத் தூணிலும், கம்பி வளையத்தின் கொக்கி 135 பாகைக்கு உள்நோக்கி மடிக்கப்பட வேண்டும். கான்கிரீட் ஊற்றுமுன் மக்கள் அதைப் பார்வையிட உரிமை வேண்டும்.

கேட்பதோடு நில்லோம். தெருவுக்கு இருவர் குழாய் வால்வை அடைக்கவும் முதலுதவி செய்யவும் பழகுவார்கள். கொத்தனார்களுக்கும் கம்பி கட்டுவோருக்கும் பயிற்சி ஏற்பாடு செய்வோம். சாதி, கட்சி பாராமல் எவரும் இதில் சேரலாம்.

தொட்டிகளின் ஆய்வறிக்கை கேட்டுப் பேரூராட்சியில் மனு கொடுப்பதே எங்கள் முதல் பணி. பதில் வரும்வரை கேட்டுக்கொண்டே இருப்போம்.