கமக்காரருக்கு ஏற்றது எது: பழைய ஜீப்பா, கெப் வண்டியா?

கமத்துக்கு வேண்டிய கருவிகளை வாங்கும்போது கமக்காரர் பெரும்பாலும் நிதானமாகவே நடந்துகொள்கின்றனர். மண்வெட்டியின் அலகைத் தட்டிப் பார்க்கின்றனர். விதைநெல்லைக் கடித்துப் பார்க்கின்றனர். நீர் இறைக்கும் இயந்திரத்தை ஓடவிட்டுப் பார்த்த பின்னரே பணத்தைக் கொடுக்கின்றனர். ஆனால் இவை எல்லாவற்றிலும் பன்மடங்கு விலையுள்ள வாகனத்தை வாங்கும்போது அந்நிதானம் பலரிடத்தே காணப்படுவதில்லை. அயலவர் ஒருவர் ஜீப் வாங்கினார் என்பதும், வெளிநாட்டிலுள்ள உறவினர் பணம் அனுப்பினார் என்பதும், விற்பனையாளர் தவணைக்குத் தர உடன்பட்டார் என்பதும் போதிய காரணங்களாகிவிடுகின்றன. ஆற்றிலே போட்டாலும் அளந்து போட வேண்டும் என்னும் முதுமொழி இவ்விடயத்தில் மறக்கப்படுகின்றது.

பாவித்த ஜீப் ஒன்றையும் பாவித்த கெப் வண்டி ஒன்றையும் ஏறக்குறைய ஒரே விலைக்கு வாங்கக்கூடிய நிலையிலுள்ள கமக்காரர், இரண்டில் எதனைத் தெரிந்தெடுக்க வேண்டும் என்பதே ஈண்டு ஆராயப்படுகின்றது. இங்கு ஜீப் என்பது, நான்கு பக்கமும் மூடப்பட்டு, உயர்ந்த உடலும் பல ஆசனங்களும் உடைய வண்டியைக் குறிக்கும். கெப் என்பது, முன்னே ஓட்டுநர் அறையும் பின்னே திறந்த தட்டும் உடைய பிக்கப் வண்டியைக் குறிக்கும்.

அமைப்பிலுள்ள வேறுபாடு

கெப் வண்டியின் அடிச்சட்டகம் சுமை தாங்குவதற்கென அமைக்கப்பட்டது. அதன் பின் அச்சுக்கு மேலே பெரும்பாலும் தகடுகளாலான வில்கள் பொருத்தப்பட்டிருக்கும். சுமை ஏற ஏற அவை தளராது தாங்கும். சுமை இல்லாத வேளையில் வண்டி குலுங்குவதற்கும் அவையே காரணமாகும். ஜீப் வண்டிகள் பலவற்றிலே சுருள் வில்களே உள்ளன. இவை பயணம் செய்வோருக்குச் சுகமளிப்பன. ஆனால் நாள்தோறும் மூடைகளைச் சுமந்தால் விரைவில் தளர்ந்துவிடும். அண்மைக் காலத்து ஜீப்புகள் சில, தோற்றத்தில் மட்டுமே ஜீப்பாக உள்ளன. அவற்றுக்குத் தனியான அடிச்சட்டகமும் இல்லை. நான்கு சக்கரங்களும் இயங்கும் அமைப்பும் இல்லை. அத்தகைய வண்டி உயரமான கார் எனவே கருதத்தக்கது.

கெப் வண்டிக்கும் ஒரு குறை உண்டு. தட்டு வெறுமையாக இருக்கும்போது பின்புறம் பாரம் குறைந்திருப்பதால், மழைக்காலத்தில் வரம்போரப் பாதைகளில் பின் சக்கரங்கள் வழுக்கிச் சுழலும். நான்கு சக்கர இயக்கம் இல்லாத கெப் வண்டியை வைத்திருப்போர், மாரியில் நான்கைந்து மணல் மூடைகளைப் பின் அச்சுக்கு நேர்மேலே வைத்து ஓட்டுதல் நன்று.

சுமையின் கணக்கு

ஜீப் வண்டிகளிற் பெரும்பாலானவை ஆட்களும் பொருள்களும் சேர்ந்து 500 முதல் 700 கிலோ வரையே சுமக்கத்தக்கவை. நடுத்தரக் கெப் வண்டி ஏறத்தாழ ஒரு தொன் சுமக்கும். அதிலும் இரட்டை அறையுள்ள கெப் சற்றுக் குறைவாகவும், ஒற்றை அறையுள்ளது சற்றுக் கூடுதலாகவும் சுமக்கும்.

ஒரு புசல் நெல்லின் நிறை ஏறத்தாழ 21 கிலோ. ஓர் ஏக்கரில் 90 புசல் விளைந்ததெனக் கொண்டால், களத்திலே குவியும் நெல் 1,900 கிலோவுக்குச் சற்றுக் குறைவாகும். இதனைக் கெப் வண்டி இரண்டு ஓட்டத்தில் வீடு சேர்க்கும். ஜீப் வண்டிக்கோ, ஆசனங்களை மடித்தாலும், நான்கு ஓட்டம் வேண்டும். மூன்று ஏக்கர் செய்வோருக்கு இவ்வேறுபாடு ஆறு ஓட்டத்துக்கும் பன்னிரண்டு ஓட்டத்துக்கும் இடையிலுள்ளதாகும்.

எனினும் இக்கணக்கிலிருந்து வேறொரு பாடமும் பெறப்படுகின்றது. நெல் மட்டும் செய்பவருக்குச் சுமை ஏற்றும் நாள்கள், காலபோகத்திலும் சிறுபோகத்திலும் சேர்த்து ஆண்டுக்குச் சில நாள்களே. அந்நாள்களிலும் உழவு இயந்திரப் பெட்டி ஒன்றை வாடகைக்குப் பிடித்தால் வேலை முடிந்துவிடும். வயலிலேயே வந்து நெல்லை வாங்கிச் செல்லும் வியாபாரிகளும் உளர். ஆகவே, நெல்லை ஏற்றுவதற்காக மட்டும் ஜீப்போ கெப்போ வாங்குவது பொருத்தமற்றது.

மரக்கறிச் செய்கையாளரின் நிலை வேறு. கத்தரி, மிளகாய், பயற்றை, தக்காளி என்பன ஒரே நாளில் அறுவடையாவன அல்ல; வாரத்தில் இரண்டு மூன்று தடவை பறித்துச் சந்தைக்கு அனுப்ப வேண்டியவை. வலிகாமத்துச் செம்மண் தோட்டக்காரர் சுன்னாகச் சந்தைக்கோ திருநெல்வேலிச் சந்தைக்கோ விடியுமுன் செல்ல வேண்டியுள்ளது. தூரத்து மாவட்டங்களில் உள்ளோர் 1999ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட தம்புள்ளைப் பொருளாதார நிலையத்தை நாடுகின்றனர். வாகனத்தின் உண்மையான பயன் இவர்களுக்கே உரியது.

பறித்த மரக்கறிக்கும் காற்று வேண்டும்

பறித்த பின்னரும் மரக்கறி சுவாசிக்கின்றது. அதனால் வெப்பமும் ஈரமும் வெளிவருகின்றன. மூடிய ஜீப்பினுள்ளே மரக்கறியை நெருக்கி அடுக்கினால் அவ்வெப்பம் வெளியேற வழியில்லை. கீரை வாடும், போஞ்சியில் அழுகல் தொடங்கும், தக்காளி கனிந்து நெகிழும். சந்தையிலே விலை குறைக்கப்படும்போது வியாபாரியைக் குறைகூறும் கமக்காரர், தம் வண்டியினுள் நிகழ்ந்ததை அறிவதில்லை.

திறந்த தட்டிலே காற்றோட்டம் உண்டு. ஆனால் வெயிலும் வேகக் காற்றும் நேரே படுமாயின் அங்கும் பொருள் வாடும். ஆகையால் வெளிர் நிறப் படங்கை மரக்கறியின் மீது படியாதவாறு சட்டத்தின் மேல் இழுத்துக் கட்டி, முன்னும் பின்னும் காற்றுச் செல்ல இடைவெளி விடுதல் வேண்டும். கரிய படங்கு வெப்பத்தை ஈர்க்குமாதலால் தவிர்க்கத்தக்கது. சாக்குகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும்போது அடியிலுள்ளவை நசிகின்றன. பிளாஸ்டிக் கூடைகளில் அந்த இழப்பு மிகக் குறைவு. 2011ஆம் ஆண்டின் இறுதியில் அரசு இக்கூடைகளைக் கட்டாயமாக்க முற்பட்டபோது எதிர்ப்பு எழுந்தது உண்மையே. ஆயினும் கூடையின் பயனை எவரும் மறுத்தற்கில்லை. கெப் வண்டியின் தட்டிலே கூடைகள் வரிசையாக அமரும். ஜீப்பின் வளைந்த உட்புறத்தில் அவ்வாறு அமரா.

நஞ்சும் பிள்ளைகளும்

கமக்காரரின் வண்டி மரக்கறியை மட்டும் ஏற்றுவதில்லை. களைநாசினி, பூச்சிநாசினி, பசளை, டீசல் என்பனவும் அதிலேயே வருகின்றன. ஜீப்பிலே இவையும் மனிதரும் ஒரே அறையில் இருக்க நேரிடுகின்றது. போத்தலின் மூடி சற்றுத் தளர்ந்தாலும் ஆவி அறை முழுதும் பரவும். சிந்திய மருந்து ஆசனத் துணியில் ஊறித் தங்கும். காலையில் மருந்து ஏற்றிய அதே ஆசனத்தில் மாலையில் பிள்ளை அமர்ந்து பாடசாலையிலிருந்து திரும்புவது எவ்வகையிலும் ஏற்கத்தக்கதன்று. வேறு காரணம் ஒன்றேனும் இல்லாவிடினும், இதற்காகவே கெப் வண்டி சிறந்ததென்று துணிந்து கூறலாம்.

கெப் வண்டியிலும் மருந்துப் போத்தல்களைப் பூட்டிய பெட்டி ஒன்றினுள் நிமிர்த்தி வைத்துத் தட்டிலேயே ஏற்ற வேண்டும். மரக்கறியோடு சேர்த்து ஏற்றலாகாது. பசளை ஏற்றிய தட்டை அன்றே கழுவாவிடின் அதன் உப்புத்தன்மை இரும்பை அரிக்கும். கழுவிய நீர் கிணற்றடிக்கோ வாய்க்காலுக்கோ செல்லலாகாது. சுண்ணக்கல் நிலத்தடி நீரை நம்பி வாழும் யாழ்ப்பாணத்தில் இதனை இரட்டிப்புக் கவனத்தோடு நோக்க வேண்டும்.

ஜீப்பின் பக்கத்து நியாயம்

ஜீப்பை விரும்புவோர் கூறும் காரணங்கள் யாவும் வெறும் பகட்டென ஒதுக்கத்தக்கன அல்ல. வைத்தியசாலைக்கு நெடுந்தூரம் செல்ல வேண்டிய கிராமங்களில், இரவில் நோயாளியைக் கிடத்திச் செல்ல மூடிய வண்டி பேருதவியாகும். முதியோரும் பிள்ளைகளும் உள்ள பெரிய குடும்பத்துக்கு ஒற்றை அறைக் கெப் போதாது. திறந்த தட்டில் ஆட்களை ஏற்றிச் செல்வது உயிருக்கு ஆபத்தானது. அதனை ஒரு தீர்வாக எண்ணவே கூடாது. இத்தகைய குடும்பத்துக்கு இரட்டை அறைக் கெப் பொருத்தமானது. அதன் தட்டு குறுகியதாதலால், பாரமானவற்றை முன்புறமாக, அறையின் சுவரோடு அணைத்து வைத்தல் வேண்டும். பாரம் பின் அச்சுக்கு அப்பால் தொங்குமாயின் முன் சக்கரங்களின் பிடி தளர்ந்து, வண்டியைத் திருப்புவது கடினமாகும்.

விளைபொருளை ஏற்றுவதற்குப் பிறர் வண்டி எளிதிற் கிடைக்கும் இடத்தில், குடும்பப் பயணமே முதன்மைத் தேவையாயின், ஜீப் வாங்குவது தவறன்று. ஆனால் அதனைக் குடும்பச் செலவாகக் கணக்கிடல் வேண்டும். கமத்தின் முதலீடு எனத் தம்மைத் தாமே ஏமாற்றிக்கொள்ளலாகாது.

கடனின் கணக்கு

வண்டி ஒன்றின் விலை 60 இலட்சம் ரூபா எனவும், கடனின் வட்டி ஆண்டுக்கு நூற்றுக்கு 12 எனவும் உதாரணத்துக்குக் கொள்க. முதல் ஆண்டின் வட்டி மட்டும் 7,20,000 ரூபா. சந்தைக்கு ஓர் ஓட்டத்துக்கு வாடகை 4,000 ரூபா, சொந்த வண்டியாயின் எரிபொருளுக்கு 1,500 ரூபா எனக் கொண்டால், ஓர் ஓட்டத்தில் மிஞ்சுவது 2,500 ரூபா. அவ்வட்டியை ஈடுசெய்ய ஆண்டுக்கு 288 ஓட்டம் வேண்டும். அஃதாவது வாரத்துக்கு ஐந்து நாளுக்கு மேல். காப்புறுதி, வருடாந்த வருமான அனுமதிப்பத்திரம், புகைப் பரிசோதனை, ரயர், திருத்தவேலை, முதலின் தவணை என்பன இதில் இன்னும் சேர்க்கப்படவில்லை.

வாரத்துக்கு இரண்டு ஓட்டமே உள்ள தோட்டக்காரர் இக்கணக்கைப் பார்த்தால், கெப்பும் வேண்டா, ஜீப்பும் வேண்டா என்றே முடிவு செய்வார். அவருக்கு வாடகை வண்டியே இலாபம். அயலிலுள்ள மூவர் நால்வர் ஒரே நாளில் பறித்து, ஒரே வண்டியில் அனுப்பி, வாடகையைப் பகிர்ந்தால் இலாபம் மேலும் கூடும். காணியை ஈடு வைத்து வாகனம் வாங்குவது எந்நிலையிலும் விலக்கத்தக்கது. வாகனம் ஆண்டுதோறும் தேயும், காணி தேயாது.

பழைய வாகனம் விலை ஏறுமேயன்றி இறங்காது என்று கூறுவோரும் உளர். 2020 மார்ச்சிலே வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதனால் பாவித்த வாகனங்களின் விலை பெரிதும் ஏறியது. 2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதிக்கும் வழி திறக்கப்பட்டது. தட்டுப்பாட்டுக் காலத்து விலையேற்றத்தை என்றும் உள்ள இயல்பெனக் கருதி, வண்டியைப் பொன்னைப் போன்ற சேமிப்பாக எண்ணுவது தகாது.

வாங்குமுன் பார்க்க வேண்டியவை

1. வண்டியின் அடியிற் படுத்துச் சட்டகத்தைப் பார்த்தல் வேண்டும். புதிதாகக் கரிய பூச்சுப் பூசப்பட்டிருப்பின், சிறு சுத்தியலால் தட்டிப் பார்க்க. கரையோரத்தில் ஓடிய வண்டிகளில் துரு உள்ளே மறைந்திருக்கும்.

2. இயந்திரம் குளிர்ந்திருக்கும் காலை வேளையில் அதனை இயக்கிப் பார்க்க. நீலப்புகை எண்ணெய் எரிவதைக் காட்டும். ஓயாத கரும்புகை எரிபொருட் பகுதியிலோ காற்று வடிகட்டியிலோ உள்ள குறையைக் காட்டும்.

3. 1990களின் தடைக்காலத்தில் யாழ்ப்பாணத்துப் பழைய மொறிஸ், ஒஸ்ரின் கார்கள் மண்ணெண்ணெயிலும் ஓடின. இக்காலத்து உயரழுத்த டீசல் இயந்திரம் அதனைப் பொறாது. மண்ணெண்ணெய் கலந்த டீசலில் ஓடியதாயின், எரிபொருள் பீச்சும் உறுப்புகள் தேய்ந்திருக்கும். அவற்றை மாற்றுவது பெருஞ்செலவு.

4. 2025 நவம்பரில் டித்வா புயலோடு வந்த வெள்ளம் பல மாவட்டங்களைப் பாதித்தது. வெள்ளத்தில் மூழ்கிய வண்டியின் ஆசனங்களுக்கு அடியிலும் விளக்குகளின் உள்ளும் வண்டல் படிந்திருக்கும். ஆசன ஆணிகள் துருவேறியிருக்கும்.

5. நான்கு சக்கர இயக்கம் உண்டென்று கூறப்பட்டால், அதனை ஈர நிலத்திலே ஓட்டிப் பார்த்த பின்னரே நம்புக.

6. சட்டக இலக்கமும் இயந்திர இலக்கமும் பதிவுப் புத்தகத்தோடு பொருந்துகின்றனவா எனவும், எவ்வகை வாகனமாகப் பதியப்பட்டுள்ளது எனவும் பார்க்க. இருபாவனை வாகனத்துக்கும் லொறிக்கும் சாரதி அனுமதிப்பத்திரம் வேறாகும். 2022ஆம் ஆண்டு எரிபொருள் பங்கிடப்பட்டபோது, வண்டியின் வகையைக் கொண்டே அளவு தீர்மானிக்கப்பட்டது என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது.

முடிவு

வாரத்தில் பல நாள் மரக்கறி ஏற்றுவோர் கெப் வண்டியையே தெரிந்தெடுத்தல் வேண்டும். குடும்பம் பெரிதாயின் இரட்டை அறையுள்ளது தகும். நெல் மட்டும் செய்வோரும், சிறு தோட்டக்காரரும் வாடகை வண்டியோடு அமைதலே நன்று. ஜீப், கமத்தின் கடன் தீர்ந்து கையில் பணம் மிஞ்சியவர் வாங்கத்தக்கது.

எதனை வாங்க எண்ணினாலும் ஒரு போகம் பொறுத்திருந்து, ஏற்றிய நாள், நிறை, தூரம், கொடுத்த வாடகை ஆகியவற்றை ஒரு கொப்பியில் எழுதி வருதல் வேண்டும். போகத்தின் முடிவில் அக்கொப்பி கூறும் தீர்ப்பு, விற்பனையாளரின் சொல்லிலும் அயலவரின் சொல்லிலும் நம்பத்தக்கதாக இருக்கும்.