காளி எங்க கிளாஸ்லதான் இருந்தான்

முதல் வருஷம், முதல் வாரம். வட்டமா உட்கார வெச்சு பேரு, ஊரு, சின்ன வயசுல பிடிச்ச புத்தகம் சொல்லச் சொன்னாங்க. உங்க செக்‌ஷன்லயும் நடந்திருக்கும். எங்க செக்‌ஷன்ல பாதிப் பேர் ஹாரி பாட்டர், மீதியில் பாதி பொன்னியின் செல்வன். நானும் பொன்னியின் செல்வன்னுதான் சொன்னேன். பொய். முதல் பாகத்தில் பாதிகூட நான் தாண்டியதில்லை. (பத்து வயசுலயே ஐந்து பாகமும் முடிச்சேன்னு சொல்றவங்க எல்லார் மேலயும் எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. மன்னிச்சுக்குங்க.)

உண்மையான பதிலை இங்கே சொல்லிடறேன்.

எனக்கு ஊர் நெம்மேலி. ஈ.சி.ஆர்.ல கோவளம் தாண்டி மாமல்லபுரம் போற வழி. எங்க வீட்டுக்கு வந்த புத்தகம் எல்லாமே வேற யாரோ படிச்சு முடிச்சது. மாமா பெட்டியில் அட்டை கிழிஞ்ச முத்து காமிக்ஸ். 1972-ல் இரும்புக்கை மாயாவியோட ஆரம்பிச்சதே அதுதான். கரண்ட் பாய்ஞ்சா ஆள் மறைஞ்சு இரும்புக்கை மட்டும் தெரியும். நான் டிரிபிள்-ஈ எடுத்ததுக்கு மாயாவிதான் காரணம்னு சொன்னா எங்க ஹெச்.ஓ.டி. நம்ப மாட்டார். அப்புறம் பழைய பேப்பர் கடையில் எடைக்கு வந்த அம்புலிமாமா, சுட்டி விகடன். எல்லாமே பிடிச்சது. ஆனா எதுலயும் எங்க ஊர் இல்லை. வேதாளம் தொங்கின முருங்கை மரம்கூட எங்க தெரு மரம் மாதிரி இல்லை.

ஏழாவது படிக்கும்போது டியூஷன் அக்கா ஒரு மெல்லிசான படப் புத்தகம் கொடுத்தாங்க. 'காளி அண்ட் தி ராட் ஸ்நேக்'. எழுதியவர் ஸாய் விட்டேக்கர், வெளியிட்டது சென்னையில் இருக்கும் தூலிகா பதிப்பகம். இங்கிலீஷ். எழுத்துக் கூட்டித்தான் படிச்சேன். காளி ஒரு இருளர் பையன். அப்பா பாம்பு பிடிக்கிறவர். புதுசா ஸ்கூலுக்கு வர்றான், யாரும் பக்கத்தில் சேர்க்கறதில்லை. அவன் சாப்பாட்டில் ஈசல் வறுவல் இருக்குன்னு பிள்ளைங்க முகம் சுளிக்கறாங்க. ஒருநாள் கிளாஸுக்குள்ள சாரைப்பாம்பு வந்துடுது. எல்லாரும் அலற, காளி போய் அதைப் பிடிக்கிறான். அன்னையிலிருந்து அவன்தான் ஹீரோ.

இது எங்கயோ நடந்த கதையா எனக்குத் தெரியலை. ஸாய் விட்டேக்கரும் ரோமுலஸ் விட்டேக்கரும் சேர்ந்து 1976-ல் தொடங்கின முதலைப் பண்ணை எங்களுக்குப் பக்கத்து வடநெம்மேலியில்தான் இருக்கு. அதுக்குள்ளதான் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம், 1978-லிருந்து. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன்னு நாலு பாம்பிலிருந்தும் விஷம் எடுத்து, பாம்புக்கடி மருந்து தயாரிக்கிறவங்களுக்குக் கொடுக்கறாங்க. நம்ம செங்கல்பட்டு மாவட்டத்து இருளர் ரெண்டு பேர், வடிவேல் கோபாலும் மாசி சடையனும், 2023-ல் பத்மஸ்ரீ வாங்கினாங்க.

எங்க கிளாஸ்லயும் ஒரு காளி இருந்தான். கடைசி பெஞ்ச், ஜன்னல் ஓரம். அவன் பக்கத்தில் உட்காரச் சொன்னா டிபன் பாக்ஸைத் தூக்கிக்கிட்டு நகர்ந்துடுவோம். "பையில பாம்பு இருக்காடா?"ன்னு தினம் யாராவது கேட்போம். நானும் கேட்டிருக்கேன். அஞ்சாவது அரைப்பரீட்சை லீவுக்கு அப்புறம் அவன் வரலை. ஏன்னு யாரும் கேட்கலை. எங்க கிளாஸுக்குள்ள பாம்பும் வரலை.

அந்தப் புத்தகம் ரெண்டு வருஷம் முன்னாடி என் கைக்கு வந்திருந்தா நான் திருந்தியிருப்பேனான்னு கேட்டா, சத்தியமா சொல்ல முடியாது. ஆனா அந்த டிபன் பாக்ஸைத் தூக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை கை நின்னிருக்கும்னு தோணுது. புத்தகம் நம்மள வேற உலகத்துக்குக் கூட்டிட்டுப் போகும்னு எல்லாரும் சொல்றாங்க, சரிதான். எனக்குத் தேவைப்பட்டது பக்கத்து பெஞ்சுக்குக் கூட்டிட்டுப் போற புத்தகம்.

அந்தக் கதையோட எனக்கு ஒரு சண்டையும் உண்டு. காளிக்குப் பாம்பு பிடிக்கவே தெரியலைன்னா? அப்பவும் அவன்கூட ஈசல் வறுவலைப் பங்கு போட்டுத் தின்னிருக்கணும் இல்லையா? அப்படி ஒரு கதையை இன்னொருத்தர்தான் எழுதணும். அந்த இன்னொருத்தர் ஏன் நாமளா இருக்கக் கூடாதுங்கறதுதான் என் கேள்வி. மாமல்லபுரம்னா கல்கியோட சிவகாமியின் சபதம் இருக்கு. அதில் சிற்பிகளும் பல்லவ ராஜாக்களும் இருக்காங்க. ஈ.சி.ஆர். பஸ்ஸில் ஸ்கூல் போற பிள்ளைக்கு என்ன இருக்கு?

என் தங்கச்சி ஆறாவது படிக்கிறா. நெம்மேலி கடல்நீர் ஆலை பக்கம் போனப்போ, "கடல் தண்ணி எப்படி நல்ல தண்ணி ஆகுது, குழாய்க்குள்ள மீன் போயிடாதா?"ன்னு கேட்டா. 2013-ல் தொடங்கின ஆலை தினம் 10 கோடி லிட்டர். அதுக்குப் பக்கத்திலேயே 2024-ல் வந்தது 15 கோடி லிட்டர். ரிவர்ஸ் ஆஸ்மோசிஸ் பத்தி நாம எக்ஸாம்ல நாலு பக்கம் எழுதுவோம், அவளுக்கு நாலு வரி சொல்ல எனக்கு வரலை.

அதனால இப்போ ஒரு நோட்டில் எழுதிப் பார்க்கறேன். பதினாறு பக்கக் கதை. ஒரு மீனும், அந்தக் குழாயை எட்டிப் பார்க்கற ரெண்டு பசங்களும். அதில் ஒருத்தன் இருளர் பையன். பாம்பு எதுவும் பிடிக்க மாட்டான், கேள்வி மட்டும் கேட்பான். ஆறு பக்கம் முடிஞ்சிருக்கு. நான் வரைஞ்ச மீனைப் பார்த்து தங்கச்சி "இது செருப்பா?"ன்னு கேட்கறா. படம் வரையத் தெரிஞ்சவங்க எந்த டிபார்ட்மென்ட்டா இருந்தாலும் சொல்லுங்க, நோட்டோட வந்து பார்க்கறேன்.