அமெரிக்கா என்றால் அழுகை, தூத்துக்குடி என்றால் எரிச்சல்

'ரிமெம்பர் தி டைட்டன்ஸ்' என்று ஒரு படம். 2000-இல் வந்தது. டென்சல் வாஷிங்டன் ஹீரோ. அமெரிக்காவில் ஒரு உயர்நிலைப் பள்ளியின் கால்பந்து அணியைப் பற்றிய உண்மைக்கதை. கால்பந்து என்றதும் நம்மூர் கால்பந்தை நினைத்துவிட வேண்டாம். பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடி, ஒருத்தன் மேல் ஒருத்தன் விழுந்து புரளுகிற அமெரிக்கக் கால்பந்து. யோசித்துப் பார்த்தால் அது நம்ம கபடிக்குத்தான் சித்தப்பா பையன்.

கல்லூரிகளில் 'ஆளுமைப் பயிற்சி', 'தலைமைப் பண்பு' என்ற பெயரில் சனிக்கிழமைகளைத் தின்கிற வகுப்புகளில் இந்தப் படத்தின் துண்டுகள் ஓடுவதுண்டு. கருப்பர்களும் வெள்ளையர்களும் ஒருத்தர் முகத்தில் ஒருத்தர் விழிக்காத அணி. கோச் அவர்களை அதிகாலையில் எழுப்பி, கெட்டிஸ்பர்க் கல்லறைத் தோட்டம் வரை ஓட வைத்து, அங்கே நின்று பேசுவார். கடைசி பெஞ்சு வரைக்கும் சத்தம் அடங்கிவிடும். கொஞ்சம் பேர் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். 'என்ன படம்யா!' தப்பே இல்லை, நல்ல படம்தான்.

அதே ஆட்கள் 2025 தீபாவளிக்கு வந்த 'பைசன்' பார்த்துவிட்டு வெளியே வந்து சொன்னது என்ன? "படம் நல்லாத்தான் இருக்கு... ஆனா எதுக்கு இதுலயும் சாதி? கபடியை மட்டும் காட்டியிருக்கலாம்ல?"

நெய்வேலி டவுன்ஷிப்பிலும் இதே பாட்டுதான். இங்கே கூடுதலாக ஒரு வரி உண்டு. அதற்குப் பிறகு வருவோம்.

முதலில் டைட்டன்ஸ் கணக்கைப் பார்த்துவிடலாம். 'உண்மைச் சம்பவம்' என்று போடுகிற படத்தில் எவ்வளவு உண்மை? வர்ஜீனியா மாநிலத்தின் அலெக்சாண்ட்ரியா நகரத்தில் 1971-இல் மூன்று உயர்நிலைப் பள்ளிகளின் மேல்வகுப்பு மாணவர்களை டி.சி. வில்லியம்ஸ் என்ற ஒரே பள்ளியில் சேர்த்தார்கள். அது உண்மை. ஹெர்மன் பூன் என்ற கருப்பர் கோச் ஆனார், ஏற்கெனவே பெயர் வாங்கியிருந்த பில் யோஸ்ட் என்ற வெள்ளையர் அவருக்குக் கீழே வேலை பார்த்தார். அதுவும் உண்மை. அணி ஒரு ஆட்டம் கூடத் தோற்காமல் மாநிலச் சாம்பியன் ஆனதும் உண்மை.

மீதி? அந்த நகரத்துப் பள்ளிகளில் இரண்டு நிறத்துப் பிள்ளைகளும் சேர்ந்து படிக்க ஆரம்பித்து அதற்குள் சில வருடங்கள் ஆகியிருந்தன. எதிரணிகள் எல்லாம் வெள்ளையர் மட்டுமே என்று படத்தில் வசனம் வரும், அது நிஜமில்லை. இறுதிப் போட்டியில் கடைசி நொடியில் ஜெயிப்பதாகக் காட்டி நம்மை நாற்காலி நுனிக்கு இழுக்கிறார்கள். நிஜத்தில் 27-0. ஒரு பக்கமாக முடிந்துபோன ஆட்டம். கேப்டன் கெர்ரி பெர்டியருக்குக் கார் விபத்து இறுதிப் போட்டிக்கு முன்பே நடப்பதாகப் படம் சொல்கிறது. நிஜத்தில் சீசன் முழுக்க ஆடி முடித்த பிறகுதான் விபத்து. யோஸ்ட்டுக்கு நான்கு மகள்கள், படத்தில் ஒரே ஒரு மகள். படத்தில் தெய்வமாகத் தெரிகிற பூன், வீரர்களை மோசமாக நடத்துகிறார் என்ற புகார்களுக்கு நடுவே 1979-இல் கோச் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். அதற்குப் படத்தில் இடமே இல்லை.

உச்சம் என்ன தெரியுமா? டி.சி. வில்லியம்ஸ் என்பது யார் பெயர்? அந்த நகரத்துப் பள்ளிகளுக்குக் கண்காணிப்பாளராக இருந்தவர். கருப்புப் பிள்ளைகளையும் வெள்ளைப் பிள்ளைகளையும் ஒன்றாக உட்கார வைக்கக் கூடாது என்று கடைசி வரை மல்லுக்கட்டிய மனிதர்! அந்த ஆளின் பெயர் தாங்கிய பள்ளியில்தான் இந்த ஒற்றுமைக் காவியம் நடக்கிறது. படம் இதைப் பற்றி வாயே திறக்கவில்லை. 2021-இல்தான் ஊர்க்காரர்கள் அந்தப் பெயரைத் தூக்கிவிட்டு அலெக்சாண்ட்ரியா சிட்டி உயர்நிலைப் பள்ளி என்று மாற்றினார்கள்.

இத்தனை ஓட்டைகள் இருந்தும் நம்மாட்கள் யாராவது "எதுக்கு இதுல நிறத்தைக் கொண்டு வந்தீங்க, ஃபுட்பாலை மட்டும் காட்டியிருக்கலாமே" என்று கேட்டார்களா? கேட்டால் சிரிப்பார்கள். நிறத்தை எடுத்துவிட்டால் அந்தப் படத்தில் மிச்சம் என்ன இருக்கும், 27-0 மட்டும்தானே!

இப்போது பைசன். தூத்துக்குடி மாவட்டத்து மணத்தி கணேசனின் வாழ்க்கையைத் தழுவி மாரி செல்வராஜ் எடுத்தது. கணேசன் 1994-இல் ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற இந்தியக் கபடி அணியில் ஆடியவர், அர்ஜுனா விருது வாங்கியவர். படத்தில் அவர் பெயர் கிட்டான், துருவ் விக்ரம் நடித்திருக்கிறார். பள்ளிக்கூடத்து பி.டி. வாத்தியார் ஒருத்தர் பையனிடம் இருக்கும் ஆட்டத்தைக் கண்டுபிடிக்கிறார். அப்பா (பசுபதி) ஆடவே கூடாது என்கிறார். விளையாட்டுப் பிடிக்காத அப்பா இல்லை அவர். வெளியூர் போனால் பிள்ளை உயிரோடு திரும்புவானா என்று பயப்படுகிற அப்பா.

இந்த இடத்தில் 'கபடியை மட்டும் காட்டு' கோஷ்டியிடம் ஒன்று கேட்க வேண்டும். கபடி என்பது என்ன விளையாட்டு? தொடுகிற விளையாட்டு. தொட்டால் பாயிண்ட். பிடித்தால் பாயிண்ட். காலைப் பிடி, இடுப்பைப் பிடி, மேலே விழுந்து அமுக்கு. கிரிக்கெட்டில் பந்து போடுகிறவனுக்கும் அடிக்கிறவனுக்கும் நடுவில் இருபத்திரண்டு கஜம் இருக்கிறது. டென்னிசில் நடுவே வலை கட்டியிருக்கிறது. கபடியில் எதிராளியின் வியர்வை உன் மேல் ஒட்டாமல் ஆட முடியாது. யார் யாரைத் தொடலாம், தொடக்கூடாது என்று பல நூறு வருடங்களாகக் கணக்கு வைத்திருக்கிற ஊரில், தொட்டு ஆடுகிற ஒரு விளையாட்டைப் பற்றிப் படம் எடுத்துவிட்டு அந்தக் கணக்கை மட்டும் காட்டாதே என்றால் எப்படி? கணக்குப் புத்தகத்தில் பற்றுப் பக்கத்தைக் கிழித்துவிட்டு வரவுப் பக்கத்தை மட்டும் ஆடிட்டரிடம் நீட்டுகிற வேலை அது.

படத்தின் மேல் குறையே சொல்லக்கூடாது என்பதில்லை. தாராளமாகச் சொல்லலாம். நீளம் ஜாஸ்தி. பெண் பாத்திரங்களுக்கு, அக்காவைத் தவிர்த்தால், பெரிதாக வேலை இல்லை. அமீரும் லாலும் செய்கிற இரண்டு தலைவர் பாத்திரங்கள் யாரைக் குறிக்கின்றன என்று தென்மாவட்டத்தில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். அந்த ரத்தச் சரித்திரத்தில் இரண்டு பேரையும் ஒரே தட்டில் வைத்து நியாயவான்களாக்கியது சரியா என்று கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அப்படிக் கேட்பவர்கள் 'இன்னும் கூர்மையாகச் சொல்லியிருக்கலாமே' என்கிறார்கள். 'எதுக்கு சாதி' கோஷ்டி 'ஏன் சொன்னாய்' என்கிறது. இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம்.

இன்னொரு கோஷ்டி உண்டு, உண்மை கண்டறியும் குழு! "கணேசன் வாழ்க்கையில் இது நடக்கவே இல்லையாம், அது டைரக்டர் சேர்த்ததாம்." சரி ஐயா. 'தங்கல்' பார்த்தீர்களே, 2016-இல்? 2010 காமன்வெல்த் இறுதிப் போட்டியில் கீதா போகத் கடைசி நொடியில் அந்தரத்தில் தூக்கிப் போட்டு ஜெயிப்பார். விசில் பறந்தது. நிஜத்தில் அவர் ஆஸ்திரேலியப் பெண்ணை 1-0, 7-0 என்று அலட்டிக்கொள்ளாமல் வென்றார். அப்பாவை ஒரு அறையில் பூட்டி வைக்கிற வில்லத்தனமான கோச்? அது முழுக்கக் கற்பனை. நிஜக் கோச் பியாரா ராம் சோந்தி மனம் நொந்து பேட்டி கொடுத்தார். உயிரோடு இருக்கிற ஒரு மனிதரை வில்லன் ஆக்கியபோது எங்கே போனது இந்தக் குழு? 'சூரரைப் போற்று' 2020-இல் வந்தபோது கர்நாடகத்து கேப்டன் கோபிநாத்தின் கதையைச் சோழவந்தான் கதையாக மாற்றினார்கள். அதையும் ரசித்தோம். ஆக, கற்பனை சேர்த்தால் இவர்களுக்குப் பிரச்சினை இல்லை. நிஜத்தைச் சேர்த்தால்தான் பிரச்சினை.

விளையாட்டை மட்டும் காட்டிய படத்துக்காவது போனார்களா என்றால் அதுவும் இல்லை. 2024 ஏப்ரலில் 'மைதான்' வந்தது. 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் இந்தியக் கால்பந்து அணி தென்கொரியாவை 2-1 என்று வென்று தங்கம் வாங்கிய கதை. புற்றுநோயோடு போராடிக்கொண்டே அணியை நடத்திய கோச் சையத் அப்துல் ரஹீம். தலையில் தையல் போட்ட காயத்தோடு வந்து கோல் அடித்த ஜர்னைல் சிங். பீட்டர் தங்கராஜ், துளசிதாஸ் பலராம் என்று நமக்கு நெருக்கமான பெயர்கள் வேறு. கடைசி ஒரு மணி நேரம் கிட்டத்தட்ட முழுக்க மைதானத்திலேயே நடக்கும். நீங்கள் கேட்ட படம்! வசூலில் படுத்துவிட்டது.

அதற்கு இரண்டு வருடம் முன்னால் நாகராஜ் மஞ்சுளேயின் 'ஜுண்ட்'. நாக்பூர் குடிசைப் பகுதிப் பையன்களைக் கால்பந்து ஆட வைத்த விஜய் பார்ஸே என்ற ஓய்வுபெற்ற விளையாட்டு ஆசிரியரின் கதை, அமிதாப் பச்சன் நடித்தது. அதைப் பார்த்தவர்கள் சொன்ன முக்கியப் புகார் என்னவென்றால், 'மேட்ச் பாதிப் படத்திலேயே முடிந்துவிட்டது, அப்புறம் என்னத்துக்கு இழுக்கிறார்கள்?' மேட்ச் முடிந்த பிறகு அந்தப் பிள்ளைகள் பாஸ்போர்ட்டுக்கு அலைகிறார்கள். ஒரு பழங்குடிப் பெண்ணும் அவள் அப்பாவும் தாங்கள் யார் என்று நிரூபிக்கிற ஒரு காகிதத்துக்காக ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்குகிறார்கள். கோல் போடுவதை விட அது கஷ்டம் என்பதுதானே படம்! அதை 'இழுவை' என்றால் என்னத்தைச் சொல்ல...

சரி, நெய்வேலி ஸ்பெஷல் வரிக்கு வருவோம். "அதெல்லாம் அந்தக் காலம், அந்தப் பக்கம். நம்ம டவுன்ஷிப்ல யாரு சாதி பார்க்கிறா?"

டவுன்ஷிப் நல்ல ஊர். 1956-இல் நிறுவனம் தொடங்கியபோது கணக்குப் போட்டுக் கட்டிய ஊர். வட்டம் வட்டமாக வீடுகள், மர நிழலில் சாலைகள், பள்ளிக்கூடங்கள், பாரதி விளையாட்டரங்கம். சாதிக்கு ஒரு தெரு கிடையாது. பதவிக்கும் சம்பளத்துக்கும் ஏற்ற குவார்ட்டர்ஸ்தான். அது பெரிய விஷயம், மறுக்க முடியாது. ஆனால் ஊர் ஆர்ச்சைத் தாண்டினால் ஊரும் சேரியும் தனித்தனியாகத்தான் இருக்கின்றன. டவுன்ஷிப்காரர்களும் கல்யாணத்துக்கு ஜாதகம் எடுக்கும்போது குவார்ட்டர்ஸ் டைப்பை மட்டும் பார்ப்பதில்லை.

'அந்தக் காலமா?' பைசன் நடக்கிற காலத்துக்குப் பிறகு, 2003 ஜூலையில், இங்கிருந்து பஸ்ஸில் கூப்பிடு தூரத்தில் இருக்கும் விருத்தாசலத்தின் பக்கத்தில் முருகேசன், கண்ணகி என்ற இரண்டு பேரைச் சாதி மாறிக் கல்யாணம் செய்ததற்காக விஷம் கொடுத்துக் கொன்றார்கள். முருகேசன் அண்ணாமலைப் பல்கலையில் படித்த கெமிக்கல் இன்ஜினியர். கடலூர் நீதிமன்றத் தீர்ப்பு வர 2021 ஆனது. 2025 ஏப்ரலில்தான் உச்ச நீதிமன்றம் தண்டனைகளை உறுதி செய்தது. 'அந்தப் பக்கமா?' இது கடலூர் மாவட்டம்.

"இந்த மாதிரிப் படம் பார்த்துத்தான் பசங்க கெட்டுப் போறாங்க" என்பவர்களுக்கு நாங்குநேரி ஞாபகம் இருக்கலாம். 2023 ஆகஸ்டில் ஒரு பள்ளி மாணவனை, கூடப் படித்த பையன்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. நீதிபதி சந்துரு குழு 2024-இல் அறிக்கை கொடுத்தது. பள்ளிக்கு வரும் பிள்ளைகள் கையில் சாதியைக் காட்டுகிற கலர் கயிறு கட்டக்கூடாது என்பது அதில் ஒரு பரிந்துரை. கயிற்றை எந்த டைரக்டர் கட்டிவிட்டார்? பைசன் வந்ததோ அதற்கெல்லாம் பின்னால்.

டைட்டன்ஸ் பார்க்கும்போது நம்மாட்களுக்கு ஒரு சௌகரியம் இருக்கிறது. அந்தப் படத்தில் தப்பு செய்தவன் நம் மாமா இல்லை. செங்கல்லை விட்டெறிகிறவன் நம் தெருவில் குடியிருக்கவில்லை. அழுதுவிட்டு வீட்டுக்குப் போய் நிம்மதியாகச் சாப்பிடலாம். பைசனில் அந்த வசதி இல்லை. பஸ்ஸில் முறைக்கிறவன், டீமில் எடுக்கக்கூடாது என்று தடுக்கிறவன், எல்லோரும் நமக்குத் தெரிந்த ஜாடையில் இருக்கிறார்கள். அதனால் வருகிற எரிச்சலுக்கு 'சினிமா ரசனை' என்று பெயர் வைத்துக்கொள்கிறார்கள்.

பைசன் தியேட்டரில் ஓடிக்கொண்டிருந்த அதே 2025 அக்டோபரில் பஹ்ரைனில் ஆசிய இளையோர் விளையாட்டு நடந்தது. பெண்கள் கபடி இறுதிப் போட்டியில் இந்தியா 75-21 என்று ஈரானைச் சாய்த்தது. அணியின் துணைக் கேப்டன் கார்த்திகா, சென்னையின் நடுவிலிருந்து அப்புறப்படுத்தப்பட்டவர்களைக் கொண்டுபோய் இறக்கிய கண்ணகி நகரைச் சேர்ந்த பெண். நாடு முழுக்க 'கண்ணகி நகர் கார்த்திகா' என்றே கொண்டாடினார்கள். 'எதுக்கு சாதி' கோஷ்டியும் கைதட்டியது, சந்தோஷம். நாளைக்கு அந்தப் பெண்ணின் கதையைப் படமாக எடுத்தால் அந்தக் குடும்பங்கள் எந்தத் தெருவிலிருந்து, யாரால், எதற்காகக் கிளப்பப்பட்டார்கள் என்பது முதல் ரீலிலேயே வந்தாக வேண்டும். இவர்கள் அப்போது பாப்கார்ன் வாங்க எழுந்து போய்விடுவார்கள், 75-21 வரும்போது கூப்பிடு என்று பக்கத்து சீட்டில் சொல்லிவிட்டு.