கோப்பை கையில், பூட்டு கதவில்

ஆபீஸில் கவனித்திருப்பீர்கள். ஒரு ஆசாமி மூன்று வருஷமாக மூலை ஸீட்டில் உட்கார்ந்து வேலை பார்ப்பார். 'வாங்க ஸார், ஒரு டீ சாப்பிட்டு வரலாம்' என்று ஒருத்தர் கூப்பிட்டிருக்க மாட்டார். ராஜினாமா கொடுத்துவிட்டுக் கிளம்புகிற அன்றைக்குப் பாருங்கள், மொத்த ஃப்ளோரும் கூடிவிடும். சமோசா, சால்வை, 'உங்களை மாதிரி வருமா' என்று கண் கலங்கல். 'அடப்பாவிங்களா, இதுல பாதிப் பேர் போன வருஷம் பேசியிருந்தா நான் எதுக்குப் போறேன்?' என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே அவர் கேக் வெட்டுவார்.

ஒரு கால்பந்து கிளப்புக்கே இப்படி ஒரு வழியனுப்பு விழா நடந்திருக்கிறது. கிளப்பின் பெயர் சான் ஃபிரான்சிஸ்கோ டெல்டாஸ். பிறந்து ஆடியது ஒரே ஒரு சீசன், 2017. அந்த ஒரே சீசனில் சாம்பியன். ஜெயித்த கையோடு கடையைச் சாத்திவிட்டார்கள்.

விளையாட்டில்லை ஸார், நிஜம்.

அமெரிக்காவில் கால்பந்துக்கு சாக்கர் என்று பேர். முதல் டிவிஷன் எம்.எல்.எஸ். அதற்கு ஒரு படி கீழே அப்போது இருந்த லீகுகளில் ஒன்று என்.ஏ.எஸ்.எல். இங்கிலாந்தில் கீழ் டிவிஷன் டீம் நன்றாக ஆடினால் மேல் டிவிஷனுக்கு பிரமோஷன் உண்டு. அமெரிக்காவில் அப்போது அந்த வழக்கம் கிடையாது. எத்தனை கோப்பை ஜெயித்தாலும் அதே பெஞ்ச்தான். மேலே போக வேண்டுமானால், லீக் சம்மதித்து, கோடி கோடியாகப் பணம் கட்டி இடம் வாங்க வேண்டும். அப்ரைசல் இல்லாத கம்பெனி மாதிரி.

டெல்டாஸை ஆரம்பித்தவர் பிரையன் ஆண்ட்ரெஸ் ஹெல்மிக், கம்ப்யூட்டர் தொழில் ஆசாமி. கணக்கில் டெல்டா என்றால் மாற்றம். பேர்ராசி பலித்துத்தான் விட்டது. கோச் மார்க் டோஸ் சாண்டோஸ், 2015-ல் ஆட்டவா டீமை இதே லீகின் ஃபைனல்வரை கொண்டுபோனவர். மைதானம், கோல்டன் கேட் பூங்காவின் மூலையில் இருக்கும் கெஸார் ஸ்டேடியம். கிளின்ட் ஈஸ்ட்வுட்டின் 'டர்ட்டி ஹாரி'யில் ராத்திரி நேரத்தில் வில்லனை மடக்குவாரே, அந்த இடம். பழைய ஸ்டேடியத்தை 1989-ல் இடித்துவிட்டு, சுமார் பத்தாயிரம் பேர் உட்காரும்படி சின்னதாகக் கட்டினார்கள்.

அந்த மைதானத்துக்கு ஏதோ தோஷம் போல. 2007-ல் கலிஃபோர்னியா விக்டரி என்று இன்னொரு இரண்டாம் டிவிஷன் கிளப் அங்கேயே ஆடியது. அதுவும் ஒரே சீசன். ஸ்பெயினின் அலாவெஸ் கிளப்தான் பின்பலம். அங்கே முதலாளி மாற, இங்கே விக்டரி காலி. பெயரில் மட்டும் வெற்றி.

டெல்டாஸ் கதைக்கு வருவோம். லீகில் மொத்தம் எட்டு டீம். மற்ற ஏழும் எங்கே என்று பாருங்கள்: மயாமி, ஜாக்சன்வில், நார்த் கரோலினா, நியூயார்க், இண்டியானாபோலிஸ், போர்ட்டோ ரிக்கோ, கனடாவின் எட்மன்டன். இதில் பக்கத்து ஊர் எது தெரியுமா? எட்மன்டன்! ஆயிரத்து எண்ணூறு கிலோமீட்டருக்கு மேல். ஒவ்வொரு வெளியூர் ஆட்டத்துக்கும் மொத்த டீமும் ப்ளேன் ஏற வேண்டும். போர்ட்டோ ரிக்கோ போக முழு தேசத்தையும் தாண்டி, கொஞ்சம் கடலையும் தாண்டவேண்டும்.

செலவு ஒரு பக்கம். பக்கத்து ஊர்க்காரன் இல்லாவிட்டால் எவனோடு சண்டை போடுவது? 'உங்க டீம் நேத்து தோத்துதாமே' என்று திங்கட்கிழமை ஆபீஸில் சீண்ட ஒரு எதிரி வேண்டாமா? எட்மன்டன்காரனை லிஃப்டில் வைத்து சீண்ட முடியுமா?

கூட்டம் வரவில்லை. சீசன் நடுவிலேயே ஹெல்மிக், 'வாங்கய்யா, வந்து பாருங்க' என்கிற ரீதியில் ஊருக்கே பகிரங்கக் கடிதம் எழுத வேண்டியதாயிற்று. செப்டம்பரில், 2018-க்கு இரண்டாம் டிவிஷன் அந்தஸ்து கிடையாது என்று அமெரிக்கக் கால்பந்து சம்மேளனம் லீகுக்கே கையை விரித்தது. லீக் கோர்ட்டுக்குப் போனது.

இத்தனைக்கும் நடுவே பையன்கள் பாட்டுக்கு ஜெயித்துக்கொண்டிருந்தார்கள். அடுத்த மாதம் சம்பளம் வருமா என்று தெரியாத ஆபீஸில் யாராவது ஓவர்டைம் பார்ப்பார்களா? இவர்கள் பார்த்தார்கள்.

சீசனின் இரண்டு பாதியிலும் முதலிடம் மயாமிக்கு. 2006-ல் உலகக் கோப்பை ஜெயித்த இத்தாலி டீமின் நெஸ்டாதான் அவர்கள் கோச். அப்படியும் செமிஃபைனலில் பெனால்டி ஷூட்-அவுட்டில் காஸ்மாஸிடம் விழுந்தார்கள். ஆமாம், நியூயார்க் காஸ்மாஸ். 1977-ல் கல்கத்தாவில் மோகன் பகானோடு பீலே வந்து ஆடினாரே, அந்தப் பெயரைத் தாங்கிய புது டீம்.

நவம்பர் 12, ஃபைனல். கிளப்பை மூடப்போகிறார்கள் என்ற பேச்சு ஏற்கெனவே அடிபட்டுக்கொண்டிருந்தது. கெஸாருக்கு வந்தவர்கள் 9,691 பேர்! வழக்கமாக வந்த கூட்டம் சுமாராக இதில் மூன்றில் ஒரு பங்குதான் இருக்கும். முதல் பாதியில் டாம் ஹைன்மன் பெனால்டியில் ஒரு கோல். கடைசி நேரத்தில் டெவன் சாண்டோவல் இன்னொன்று. 2-0. கோப்பை, கட்டிப்பிடி, கண்ணீர். சில நாட்களில் கிளப் அதிகாரபூர்வமாக மூடல். லீகும் 2018 சீசனை நடத்தவில்லை. கோர்ட் கேஸ் மட்டும் 2025 வரை இழுத்து, அதிலும் லீகுக்குத் தோல்வி.

அந்த 9,691 பேரை நான் குறை சொல்லவில்லை. வந்தார்களே, அதுவே பெரிசு. ஆனால் இங்கிலாந்தில் ராச்டேல் என்று ஒரு கிளப், 1907-ல் பிறந்தது. 1974-லிருந்து 2010 வரை 36 வருஷம் தொடர்ந்து நாலாவது டிவிஷனிலேயே கிடந்தது. கோப்பையாவது, ஒன்றாவது! அங்கேயும் கூட்டம் சில ஆயிரம்தான். ஆனால் அப்பா போனார், பிள்ளை போனான், பேரன் போகிறான். தோற்றாலும் அடுத்த சனிக்கிழமை உண்டு.

டெல்டாஸிடம் கோப்பை இருந்தது, அடுத்த சனிக்கிழமை இல்லை. கோப்பையை ஒரே வருஷத்தில் ஜெயித்துவிடலாம். ஜனங்களுக்கு ஒரு பழக்கமாக ஆவதற்கு ஒரு வருஷம் போதாது.

சரி, இதைப் படித்து முடித்ததும் ஒரு காரியம் செய்யுங்கள். அந்த மூலை ஸீட் ஆசாமியை இன்றைக்கே டீக்குக் கூப்பிடுங்கள். சமோசா பிற்பாடு பார்த்துக்கொள்ளலாம்.