இல்லம் பேணுவோம்: டிம்மர் வாங்குமுன் சில வார்த்தைகள்



காயல்பட்டினத்திலிருந்து சகோதரி ஒருவர் எழுதிய மடல்தான் இம்மாதப் பேச்சுக்குக் காரணம். எழுபது வயதைக் கடந்த அவருடைய உம்மா, பின்னிரவில் தஹஜ்ஜுத் தொழ எழுபவர். விளக்கைப் போட்டால் அருகில் உறங்கும் பேரப்பிள்ளைகள் விழித்துக்கொள்வார்களே என்றெண்ணி, இருட்டிலேயே ஒளுச் செய்யப் போனவர் நிலைப்படி தடுக்கி விழுந்துவிட்டார். அல்லாஹ்வின் அருளால் எலும்பு முறியவில்லை. மறுவாரமே மகன் ஒரு டிம்மரை வாங்கி மாட்டினார். ஒளியைக் குறைத்தால் பல்பு கண் சிமிட்டுகிறது; சுவிட்சுப் பலகையிலிருந்து வண்டு ரீங்காரமிடுவதுபோல் ஓசை வருகிறது. ஃபேன் ரெகுலேட்டரையே மாட்டிவிடலாம் என்று மின்பணியாளர் யோசனை சொல்கிறாராம். சரியா என்று கேட்கிறார் சகோதரி.

சரியன்று. ஏன் என்பதைப் பார்ப்போம்.

நம் வீடுகளுக்கு வரும் 230 வோல்ட் மின்சாரம் அலையலையாக வருவது. வினாடிக்கு 50 முழு அலைகள், அதாவது 100 அரை அலைகள். இன்றைய டிம்மர் ஒவ்வோர் அரை அலையிலும் ஒரு பகுதியை வெட்டிவிட்டு மீதியை மட்டும் விளக்குக்கு அனுப்புகிறது. அலையின் தொடக்கத்தை வெட்டுவது ‘லீடிங் எட்ஜ்’ வகை. முடிவை வெட்டுவது ‘டிரெய்லிங் எட்ஜ்’ வகை.

பழைய குண்டு பல்புக்கு எந்த வகையும் பொருந்தும். அதன் இழை சூட்டினால் ஒளிர்வது. மின்சாரம் நொடிப்பொழுது விட்டுவிட்டு வந்தாலும் சூடு ஆறுவதில்லை. எல்.இ.டி. பல்பின் இயல்பு வேறு. அதனுள்ளே நுண்ணிய மின்னணுச் சுற்று ஒன்று உள்ளது. வெட்டுப்பட்ட மின்சாரத்தை ஏற்க அது பழக்கப்படுத்தப்படாவிட்டால் ஒளி துடிக்கும்; இரைச்சல் எழும்; பல்பின் ஆயுளும் குறையும்.

ஆகவே கடைக்குச் செல்லுமுன் கீழ்க்கண்டவற்றை மனத்தில் கொள்க:

முதலாவது, பல்பின் பெட்டியைப் படியுங்கள். ‘டிம்மபிள்’ என்று அச்சிட்டிருந்தால் மட்டுமே டிம்மருடன் சேர்க்கலாம். சாதாரண எல்.இ.டி., சி.எஃப்.எல். பல்புகளும், பழைய சோக் பொருத்திய குழல்விளக்கும் இதற்கு உதவா.

இரண்டாவது, டிம்மபிள் எல்.இ.டி.க்குப் பெரும்பாலும் டிரெய்லிங் எட்ஜ் வகையே இதமாகப் பொருந்தும்; ஓசையும் குறைவு. எனினும் பல்பின் பெட்டியில் எவ்வகை குறிக்கப்பட்டுள்ளதோ அதுவே முடிவு.

மூன்றாவது, வாட் கணக்கு. டிம்மருக்கு மேல் வரம்பு இருப்பதுபோல் கீழ் வரம்பும் உண்டு. குறைந்தது 40 வாட் வேண்டும் என்றிருக்கும் டிம்மரில் 9 வாட் பல்பு ஒன்றை மட்டும் மாட்டினால் அது சிமிட்டத்தான் செய்யும். குண்டு பல்புக்கெனக் குறித்த மேல் வரம்பையும் எல்.இ.டி.க்கு அப்படியே கொள்ளலாகாது, எல்.இ.டி.க்கெனத் தனியே குறித்த அளவைப் பாருங்கள்.

நான்காவது, ஃபேன் ரெகுலேட்டர் விசிறிக்கு மட்டுமே. அதில் கெப்பாசிட்டர் வகையும் உண்டு. அது மோட்டாரின் வேகத்தைக் குறைக்க அமைந்தது, விளக்குக்கு ஆகாது. அதுபோலவே விளக்கு டிம்மரில் விசிறியையோ மிக்சியையோ இணைக்கக் கூடாது.

ஐந்தாவது, டிம்மரின் முகப்பு இளஞ்சூடாக இருப்பது இயல்பு. தொட முடியாத சூடோ, கருகிய வாடையோ வந்தால் மெயினை அணைத்துவிட்டு மின்பணியாளரை அழையுங்கள்.

உறங்கச் செல்கையில் விளக்குகளை அணைத்துவிடும்படி நம் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தினார்கள். எலி திரியை இழுத்துச் சென்று வீட்டாரைத் தீக்கு இரையாக்கிவிடக் கூடும் என்ற காரணமும் அந்த நபிமொழியிலேயே உள்ளது. இன்று திரி இல்லை. ஆனால் பொருந்தாத கருவியைச் சுவரில் மாட்டி, சூடேறுவதைக் கவனியாமல் உறங்குவது அதே ஆபத்தை வேறு வடிவில் வீட்டுக்குள் அழைப்பதாகும்.

இனி, காயல் சகோதரிக்கு. தங்கள் உம்மாவின் அறைக்கு டிம்மரே தேவையில்லை. அரை வாட் இரவு விளக்கொன்றைக் கட்டிலிலிருந்து ஒளுச் செய்யும் இடம்வரை வழி தெரியுமாறு தாழ்வாகப் பொருத்துங்கள். இரவுக்கு 8 மணி நேரம் எரிந்தாலும் மாதம் முழுவதும் ஒரு யூனிட்டில் எட்டில் ஒரு பங்குகூட ஆகாது. பிள்ளைகளின் உறக்கமும் கலையாது. அந்த நிலைப்படியின் ஓரத்தில் வெள்ளைப் பட்டையொன்றும் தீட்டிவிடுங்கள்.

டிம்மரை வீணென எறிந்துவிட வேண்டாம். கூடத்தில் பல விளக்குகள் ஒரே சுவிட்சில் எரிகின்றனவெனில், வாட் கணக்கும் வகையும் பொருந்தினால் டிம்மபிள் பல்புகளுடன் அங்கே பயன்படுத்தலாம். குர்ஆன் ஓதும்போது நிறைவான ஒளி, மற்ற நேரம் மங்கலான ஒளி. எல்.இ.டி.யில் ஒளி குறைந்தால் மின் செலவும் குறையும்.

தேவையறிந்து வாங்குவது சிக்கனம். தேவையில்லாததை வாங்குவது விரயம். தம் இறைவனை வணங்க எழும் ஒரு தாயின் பாதையை வெளிச்சமாக்குவதோ, பிள்ளைகளுக்குக் கிடைத்த பெரும் பேறு. அல்லாஹ் அதனை ஏற்றுக்கொள்வானாக.

இன்ஷா அல்லாஹ், அடுத்த மாதம் சந்திப்போம். வஸ்ஸலாம்.