ஒரகடத்து வாடை

கடுங்குளிர் என்றதும் நம் மனத்தில் முதலில் எழும் காட்சி நம்முடையதன்று. வெண்பனி மூடிய கூரை, கணப்படுப்பின் முன் குந்தியிருக்கும் கிழவி, குதிரை வண்டியின் மணியோசை. முன்னேற்றப் பதிப்பகமும் ராதுகாவும் மலிவு விலையில் அனுப்பிவைத்த ருஷ்ய நாவல்களை வாசித்து வளர்ந்தவர்கள் நாம். பீட்டர்ஸ்பர்க் நகரத்துக் குளிரில் மேலங்கியைப் பறிகொடுத்த எழுத்தனுக்காக நாம் கலங்கியதுண்டு. வியர்வை காயாத ஊரில் அமர்ந்து கொண்டு அப்படிக் கலங்க முடிந்தது இலக்கியத்தின் வெற்றி என்பதில் ஐயமில்லை. ஆனால் நம் ஊரில் ஒரு பருவம் குடும்பங்களை நடுநடுங்க வைத்தபோது, அதற்காக அப்படிக் கலங்குவதற்கு நம் கையில் எழுத்து எதுவும் இல்லாமற் போனது ஏன் என்ற கேள்வியும் உடனெழ வேண்டும்.

முதலில் நம்முடைய குளிர் எது என்பதைத் தெளிவாக்கிக் கொள்வோம். ஐரோப்பியக் காலண்டரின் குளிர்காலம் நமக்குப் பொருந்தாது. முன்னோர் ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்தனர். ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர். மார்கழியும் தையும் முன்பனி. மாசியும் பங்குனியும் பின்பனி. கூதிர் என்றாலே குளிர்தான். வடகிழக்கிலிருந்து வாடை வீச, அதனோடு மழையும் சேர்ந்து கொள்ளும் பருவம் அது. ஆகவே நமது கடுங்குளிர் பனியாக வருவதில்லை, நீராக வருகிறது. அந்தக் கணக்கில், அண்மை நினைவில் வட தமிழகம் கண்ட மிகக் கொடிய கூதிர் 2015ஆம் ஆண்டினுடையது.

இப்பருவத்தில் குடும்பங்கள் எப்படி வாழ்ந்தன என்பதை எழுதும் மரபு நமக்கு இல்லாததன்று. பத்துப்பாட்டில் 188 அடிகளில் அமைந்த நெடுநல்வாடையை எடுத்துக் கொள்ளுங்கள். அது அகமா புறமா என்ற வழக்கை உரையாசிரியர்களுக்கே விட்டுவிடுவோம். எங்களைத் திரும்பத் திரும்ப ஈர்ப்பது அதன் முற்பகுதிதான். பெருக்கெடுத்த வெள்ளத்தை வெறுத்து மந்தையை வேறிடத்துக்கு ஓட்டிச் செல்லும் கோவலரும், தீக்காய்ந்தும் நடுக்கம் தீராத அவர்களது உடலும் அதில் வருகின்றன. பகலா இரவா என்று தெரியாமல் வீட்டை விட்டு நீங்காத புறாக்கள், வேலையற்றுக் கிடக்கும் சந்தனக்கல், பயனின்றித் தொங்கும் விசிறி, அடைத்த சாளரம், குளிர்நீரை விட்டு நெருப்பை நாடும் மக்கள் என்று அக்காட்சி வளர்கிறது. அரசியின் பிரிவைச் சொல்ல வந்த புலவர், அதற்கு முன் ஊரிலுள்ள ஒவ்வொரு வீட்டின் பொருள்களையும் குளிர் எப்படி இடம் மாற்றிவைத்தது என்று கணக்கெடுக்கிறார். பருவத்தின் கொடுமையை வானத்தில் தேடாமல் வீட்டுக்குள் தேடிய எழுத்து அது.

அந்தக் கண் கொண்டு ஒரகடத்தைப் பார்க்க வேண்டும் என்பதே எங்கள் வாதம்.

ஒரகடத்தைப் பற்றி அறியாதவர்க்குச் சில வரிகள். சென்னைக்குத் தென்மேற்கே, திருப்பெரும்புதூருக்கும் சிங்கப்பெருமாள் கோயிலுக்கும் இடைப்பட்ட சாலையில் அமைந்த ஊர். ஏரிகளுக்குப் பெயர்போன பழைய காஞ்சிபுரம் மாவட்டத்து நிலம். 2000களின் பிற்பகுதியிலிருந்து கார், லாரி, டயர், மோட்டார் சைக்கிள் ஆலைகள் வரிசையாக எழுந்தன. ஏர் உழுத நிலத்தில் கொள்கலன் லாரிகள் நிற்கத் தொடங்கின. திருவண்ணாமலையிலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும், பின்னர் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள், ஊர்க்காரர்கள் வரிசையாகக் கட்டிவிட்ட ஒற்றை அறை லைன் வீடுகளில் குடியேறினர். நாங்கள் சிலரும் அவ்வட்டாரத்திலேயே பல ஆண்டுகளாகக் குடியிருப்பவர்கள்.

2015 நவம்பர் 8 அளவில், தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பாக, மழை வலுத்தது. இடையிடையே ஓய்ந்தும் ஓங்கியும் அந்த மாதம் முழுவதும் பெய்தது. ஏரிகள் நிரம்பிவிட்ட பின்னர் டிசம்பர் 1 வந்தது. மறுநாள் காலை வரையிலான 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ., செம்பரம்பாக்கத்தில் 47 செ.மீ. மழை பதிவாயிற்று. செம்பரம்பாக்கத்திலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி நீர் திறந்துவிடப்பட்டதும், அடையாறு பெருகியதும், விமான நிலையம் 6ஆம் தேதி வரை மூடப்பட்டதும் நாடறிந்தவை. இந்தியக் கணக்குத் தணிக்கைத் துறையின் அறிக்கை பின்னர் இதனை மனிதரால் விளைந்த பேரிடர் என்றே குறித்தது.

இப்பேரிடருக்கு நாம் இட்ட பெயர் ‘சென்னை வெள்ளம்’. கோட்டூர்புரமும் சைதாப்பேட்டையும் முடிச்சூரும் எழுதப்பட்டன, எழுதப்பட வேண்டியவைதாம். ஆனால் ஒரு சிறு செய்தியை நினைவுகூர்வோம். 1878இல் தொடங்கிய இந்து நாளிதழின் சென்னைப் பதிப்பு 2015 டிசம்பர் 2 அன்று வெளிவரவில்லை. நூற்றாண்டு கடந்த வரலாற்றில் நேர்ந்த வெற்றிடம் என்று பலரும் வியந்து பேசினர். காரணம் எளியது. அச்சகம் மறைமலை நகரில் இருந்தது. அச்சுத் தொழிலாளர்கள் அங்கே போய்ச் சேர முடியவில்லை. இதழ் வராததை நாம் நினைவில் வைத்துக் கொண்டோம். வந்து சேர முடியாமற் போனவர்கள் அந்த இரவில் எங்கே இருந்தார்கள், அவர்கள் வீட்டில் உலை வைத்தார்களா என்று கேட்க மறந்தோம்.

மறைமலை நகரிலிருந்து ஒரகடம் அதிகத் தொலைவில் இல்லை. அங்கே அந்நாள்களில் நாங்கள் கண்டவற்றைச் சொல்கிறோம். வீரச் செயல் எதுவும் இவற்றில் இல்லை.

நெடுநல்வாடையில் விசிறி ஓய்ந்து தொங்குகிறது. ஒரகடத்து லைன் வீட்டில் கூதிர்க் காலத்தில்தான் மின்விசிறி ஓயாமல் சுற்றும். காற்றுக்காக அன்று, சீருடை காய்வதற்காக. நிறுவனம் தந்தது இரண்டு சோடி. ஒன்று உடலில், மற்றொன்று கொடியில். கொடி அறைக்குள்ளேயே குறுக்காகக் கட்டப்பட்டிருக்கும். அதன் கீழே குழந்தை போர்வைக்குள் சுருண்டிருக்கும். விசிறியை நிறுத்தினால் சீருடை காயாது, நிறுத்தாவிட்டால் குழந்தை இருமும். இந்த ஒரே விசையை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு இரவைக் கழித்த தாய்மாரை நாங்கள் அறிவோம். மின்சாரம் நின்ற நாள்களில் அந்தத் தெரிவுகூட இல்லை. ஈரச் சீருடையை உடல் சூட்டிலேயே உலர்த்திக்கொண்டு வேலைக்குப் புறப்பட்டார்கள். இரும்பு முனை வைத்த காலணிக்குள் பழைய செய்தித்தாளைச் சுருட்டித் திணித்து ஈரம் உறிஞ்ச வைப்பதும் ஒரு கலையாயிற்று.

தரை கசியத் தொடங்கியதும் பொருள்கள் மேலேறின. முதலில் அரிசி மூட்டை கட்டிலுக்கு, பிறகு எரிவாயு உருளை சிமெண்டுத் திட்டுக்கு. ஆனால் எல்லாவற்றுக்கும் முன்பு, பரணின் உச்சிக்குப் போனது ஒரு பிளாஸ்டிக் பை. அதற்குள் ஐ.டி.ஐ. சான்றிதழ், குழந்தையின் பிறப்புச் சான்று, வங்கிப் புத்தகம், அடகுச் சீட்டு. எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் எதை முதலில் காப்பாற்றினார்கள் என்பதைக் கொண்டு அவ்வீட்டின் வரலாற்றைச் சொல்லிவிடலாம்.

பிரிவும் இருந்தது. இரவு ஷிப்டுக்குச் சென்ற கணவன் சாலை முழுகியதால் மறுநாளும் திரும்பவில்லை. கைப்பேசிக் கோபுரங்கள் செயலிழந்திருந்தன. எங்கள் தெருவில் ஒரு பெண் கம்பெனிப் பேருந்து நிற்குமிடத்தில் குடையோடு ஒரு பகல் முழுவதும் நின்றாள். பக்கத்து வீட்டு அக்கா இரண்டு முறை தேநீர் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, “உள்ளே வா கண்ணு, வண்டி வந்தா சத்தம் கேக்கும்” என்று அழைத்தும் அவள் வரவில்லை. மாலையில் அவன் நடந்தே வந்து சேர்ந்தான். அவள் ஒன்றும் பேசாமல் அவன் கையிலிருந்த சாப்பாட்டு டப்பாவை வாங்கித் திறந்து, அவன் உண்டிருக்கிறானா என்று பார்த்தாள். அவ்வளவுதான். அரசியின் பிரிவுக்குப் பாட்டுண்டு. இதற்கு ஒரு சிறுகதையாவது வேண்டாமா என்றே நாங்கள் கேட்கிறோம்.

வெள்ளம் வடிந்த பிறகு வந்தது மற்றொரு குளிர். ஆலைகள் நின்றிருந்த நாள்களுக்குக் கூலி யார் தருவது? அன்று நடைமுறையிலிருந்த 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறுகள் சட்டம், இயற்கைப் பேரிடரால் வேலை தர இயலாத நிலையையும் கதவடைப்பினின்று வேறான ‘லே-ஆஃப்’ என்றே கொண்டது. ஓராண்டு தொடர்ந்து பணியாற்றியவர்க்கு அடிப்படைச் சம்பளத்திலும் பஞ்சப்படியிலும் பாதியை ஈடாக வழங்கச் சொன்னது. ஆனால் தற்காலிகத் தொழிலாளரையும் பதிலித் தொழிலாளரையும் அப்பிரிவு வெளிப்படையாகவே விலக்கியது. ஒரகடத்துச் சீருடைக்குள் எத்தனை வகை மனிதர்கள் இருக்கிறார்கள் என்பதை அறிந்தவர்களுக்கு இதன் பொருள் விளங்கும். நிரந்தரத் தொழிலாளி, பயிற்சியாளர், ஒப்பந்தக்காரரின் ஆள் மூவரும் ஒரே வரிசையில் நின்று ஒரே திருகாணியை முடுக்குவர். மழை நின்றதும் மூவரின் டிசம்பர் மாதச் சம்பளமும் மூன்று வேறு கதைகளாயின.

அரசு நிவாரணமும் வந்தது. குடிசைகளுக்கு 10,000 ரூபாய், பிற வீடுகளுக்கு 5,000 ரூபாய், அரிசி என்று வகுத்தார்கள். நோக்கத்தைக் குறைகூற மாட்டோம். ஆனால் கணக்கெடுப்பு வீட்டையும் அதற்கான ஆவணத்தையும் தேடியது. வாடகைக் குடும்பத்தின் குடும்ப அட்டையோ சேத்துப்பட்டிலோ செஞ்சியிலோ இருந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது 6,000 ரூபாய் நியாயவிலைக் கடைகளின் வழியே வழங்கப்பட்டது. அட்டை இல்லாதோர் விண்ணப்பிக்கவும் வழி செய்யப்பட்டது. எட்டாண்டில் நேர்ந்த இந்த முன்னேற்றத்தை ஒப்புக்கொள்கிறோம். எனினும், குடும்பம் என்பது அட்டை இருக்கும் இடமா, உலை கொதிக்கும் இடமா என்ற கேள்வி தீர்ந்தபாடில்லை.

2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 படுக்கைகள் கொண்ட தொழிலாளர் விடுதி திறக்கப்பட்டது. 2021 மார்கழித் தொடக்கத்தில், விடுதி உணவு கெட்டுப் பல பெண்கள் நோயுற்றதைத் தொடர்ந்து தோழியர் நெடுஞ்சாலையில் அமர்ந்து மறித்த அந்த இரவை நினைப்பவர்கள் இவ்விடுதியை வரவேற்கவே செய்வர். நாங்களும் வரவேற்கிறோம். ஆனால் படுக்கை என்ற அலகைக் கவனியுங்கள். தொழிலாளியை ஒரு படுக்கையாக எண்ணுகிறோம். மாமியாரும், இருமும் குழந்தையும், பரணின் மேலுள்ள பிளாஸ்டிக் பையும் அந்த எண்ணிக்கைக்குள் வருவதில்லை.

இவையெல்லாம் செய்தியாளர் வேலை, இலக்கியத்துக்கு இதில் என்ன என்று நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. எங்கள் விடை இது: சென்னை வறட்சியில் தவித்த செய்திகள் எத்தனையோ வந்திருக்கும், இன்று அவை யாருக்கும் நினைவில்லை. ஆனால் அசோகமித்திரனின் ‘தண்ணீர்’ நாவலில் குடத்தோடு அலையும் ஜமுனா நினைவிலிருக்கிறாள். செய்தி, நீர் இல்லை என்றது. நாவல், நீர் இல்லாத வீட்டில் ஒரு பெண் எப்படி எழுந்து நின்றாள் என்று காட்டியது. பஞ்சாலைக்கும் தேயிலைத் தோட்டத்துக்கும் உப்பளத்துக்கும் தோல் பதனிடும் தொழிலுக்கும் தமிழில் புனைவுகள் உள்ளன. வாகன ஆலைகளின் நிழலில் வாழும் குடும்பங்களைப் பற்றி நாம் எழுதியது மிகச் சொற்பம். அவர்களுடைய கூதிரைப் பற்றி எழுதியது அதிலும் சொற்பம்.

எழுதப்படாத துயரம் எண்ணப்படுவதில்லை என்பது எங்கள் துணிபு. சட்டம் எழுதுவோரும் நிவாரணம் வகுப்போரும் நாவல் வாசித்துவிட்டா உட்காருகிறார்கள் என்று கேட்கலாம். இல்லைதான். ஆனால் ஒரு சமூகம் எதைக் குடும்பம் என்று மனத்தில் வரைந்து வைத்திருக்கிறதோ, அந்த வரைபடத்தில்தான் அவர்களும் பேனாவை ஓட்டுகிறார்கள். வரைபடம் தீட்டுவது எழுத்தின் வேலை.

இதை எழுதுகிறவர்களாகிய நாங்களும் அந்த டிசம்பரில் ஆளுக்கொரு குறிப்பேடு வைத்திருந்தோம். ஒருவர் மழை அளவுகளைக் குறித்தார், மற்றொருவர் ஏரிகளின் பெயர்களைக் குறித்தார். பேருந்து நிற்குமிடத்தில் குடையோடு நின்ற பெண்ணின் பெயரை எவரும் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. அடுத்த ஆண்டு அக்குடும்பம் வீட்டைக் காலி செய்து போய்விட்டது. ஆகவே குற்றம் சாட்டும் தகுதியோடு நாங்கள் பேசவில்லை.

கூதிர் ஆண்டுதோறும் வரும். சில ஆண்டுகளில் கொடிதாகவும் வரும். அடுத்த முறை வரும்போது, ஒரகடத்தின் ஒற்றை அறையொன்றில் விசிறியின் விசைக்குக் கை நீட்டித் தயங்கி நிற்கும் ஒரு தாயை எழுத நம்மில் ஒருவராவது அருகில் இருக்க வேண்டும்.