நாள் பாராத பிரயாணம்

கல்யாணத்திற்கு முகூர்த்தமும், புதுமனை புகுவதற்கு லக்கினமும், புதிதாக வாங்கிய காரை வீட்டுக்கு ஓட்டி வருவதற்குக்கூட ராகுகாலம் கழிந்த வேளையும் பார்க்கின்ற நம்மவர், பஞ்சாங்கத்தைத் தொடாமலே செய்து முடிக்கிற சுபகாரியம் ஒன்று உண்டென்றால் அது சனிக்கிழமைக் கடற்கரைப் பிரயாணம்தான். புக்கிட் மெர்தாஜாமிலும் அதையடுத்த ஆல்மா, ஜூரு, பெர்மாத்தாங் திங்கி முதலிய இடங்களிலும் உள்ள தமிழ்க் குடும்பங்களில் இது நடைபெறும் விதம் பெரும்பாலும் ஒன்றே. காலையில் எல்லோரும் பசியாறிக்கொண்டிருக்கையில் யாரோ ஒருவர், "கடலுக்குப் போனால் என்ன?" என்கிறார், மறுத்துப் பேச அவகாசம் கொடாமல் மற்றொருவர் கூலிமிலுள்ள மைத்துனரைத் தொலைபேசியில் கூப்பிடுகிறார், மைத்துனர் தம் சிநேகிதர் குடும்பத்தையும் சேர்த்துக்கொள்ளலாமா என்று கேட்டு, பதில் வருமுன்பே சேர்த்துக்கொண்டும் விடுகிறார், பதினொரு மணிக்குள் அடுப்பில் புளிக்காய்ச்சல் கொதித்து, பாயும் மாற்றுத்துணியும் வண்டியில் ஏறி, கார்கள் தெருமுனையில் ஒன்றையொன்று எதிர்பார்த்து நிற்கின்றன.

இதைப் பொறுப்பற்ற காரியம் என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. இரண்டு மாதங்களுக்கு முன்பே தேதி குறித்து, வாட்ஸ்அப்பில் ஒரு குழு அமைத்து, தலைக்கு இவ்வளவு என்று பணம் வசூலித்து, விடுதியில் அறை பதிவு செய்துகொண்டு போவதே நாகரிகம் என்பது அவர்களுடைய சித்தாந்தம். அவ்விதம் புறப்பட்ட குழுக்களை நான் பார்த்திருக்கிறேன். எந்த அறையில் யார் படுப்பது, குழந்தைகளுக்கு அரைப்பங்கா முழுப்பங்கா, சைவச் சாப்பாட்டுக்காரர்கள் ஏன் மீன் செலவில் பங்கு கொடுக்கவேண்டும் என்ற தர்க்கங்களிலேயே இரண்டு மாதமும் கழிந்து, பிரயாண தினம் வருமுன் மனஸ்தாபம் வந்து சேர்ந்துவிடுகிறது. மேலும், பிறையிலும் புக்கிட் மின்யாக்கிலும் உள்ள தொழிற்சாலைகளில் முறைமாற்றி வேலை செய்கிறவருக்கு, இரண்டு மாதம் கழித்து எந்த நாளில் ஓய்வு வாய்க்கும் என்பது அவருக்கே தெரியாது. அவர் கைக்கு அகப்படும் விடுமுறை, அகப்பட்ட அன்றே செலவழிக்கவேண்டிய விடுமுறை.

ஆனால் திடீர்ப் பிரயாணத்தின் உண்மையான மேன்மை வேறு. இக்காலத்தில் நம் பந்துக்கள் ஒன்றுகூடுகிற சந்தர்ப்பங்களை எண்ணிப் பார்த்தால், கல்யாணம், காதுகுத்து, வளைகாப்பு, மரணம், கருமாதி என்பவற்றைத் தவிர வேறு அதிகம் இல்லை. அவை ஒவ்வொன்றிலும் ஒவ்வொருவருக்கும் நிறைவேற்றவேண்டிய பாத்திரம் ஒன்று இருக்கிறது. மாமன் சீர் கொண்டுவர வேண்டும். அத்தை ஆரத்தி எடுக்கவேண்டும். மொய் எழுதுகிறவர் எதிரில் கௌரவமாக நிற்கவேண்டும். அழைப்பிதழில் பெயர் விட்டுப்போனவர் அதை மறவாமல் நினைத்துக்கொண்டிருக்க வேண்டும். அழைப்பிதழே அச்சாகாத ஒரு கூட்டத்தில் எவர் பெயரும் விட்டுப்போக வழியில்லை. சிநேகிதர்கள் உடனிருப்பது இதில் ஒரு விசேஷ அனுகூலம். பக்கத்து வீட்டுச் சீனக் குடும்பமோ, ஆலையில் கூட வேலை செய்யும் மலாய் நண்பரோ அருகில் உட்கார்ந்திருக்கும்போது, பங்காளிகள் தங்கள் தாத்தா காலத்து நிலத் தகராற்றை எடுப்பதற்குக் கூச்சப்படுகிறார்கள். அந்தக் கூச்சம் மாலை வரையில் நீடித்தால் போதும். அதற்குள் குழந்தைகள் சிநேகமாகிவிடும்.

கடற்கரைக்கு உல்லாசமாகப் போவது நமக்கு அந்நியமான வழக்கம், வெள்ளைக்காரனிடம் கற்றது என்று சொல்லுகிறவரும் உண்டு. அது பாதி உண்மை. காணும் பொங்கலன்று சென்னைக் கடற்கரையில் மணலே தெரியாதபடி கூடுகிற ஜனங்கள் எவரிடமும் கற்றுக்கொண்டு வந்தவர்கள் அல்லர். இங்கேயும் மாசி மகத்தன்று தெலுக் பஹாங் சிங்கமுகக் காளியம்மன் ஆலயத்தில் அம்பாள் மிதக்கும் தேரில் கடலுக்கு எழுந்தருளும்போது, தீர்த்தமாடிய கையோடு நாள் முழுதும் கரையிலேயே தங்கிப் பொழுதைக் கழிக்கும் குடும்பங்கள் எத்தனையோ. அதற்கும் வெகு முன்னதாக, ஐந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த புத்தகுப்தன் என்ற மாலுமி தன் கடற்பயணம் வெற்றிபெறவேண்டிப் பொறித்து வைத்த கல்வெட்டு ஒன்று, எங்கள் செபராங் பிறைப் பகுதியில் 1834இல் ஜேம்ஸ் லோ என்பவர் கண்ணில் பட்டு, இப்போது கல்கத்தா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அந்தக் கல் இங்கேயே இருந்திருந்தால், கடலுக்குப் புறப்படுமுன் ஒரு கற்பூரம் ஏற்றிவிட்டுப் போகவும் சிலர் தயங்கமாட்டார்கள்.

ஆயினும் மலாயாவுக்கு வந்த நம் முன்னோருக்குக் கடல் என்பது வேறு பொருளாய் இருந்தது என்பதை மறுக்க இயலாது. நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறி, மேல்தட்டில் மூட்டை முடிச்சுகளோடு படுத்துக்கிடந்து, பினாங்கு மலை கண்ணுக்குத் தெரிந்த பின்னும் ஜெரெஜாக் தீவின் நோய்த்தடுப்பு முகாமில் இறங்கித் தங்கிய பிறகே கரும்புத் தோட்டத்துக்கும் ரப்பர் தோட்டத்துக்கும் போகக் கிடைத்தது அவர்களுக்கு. 1926இல் கட்டப்பட்ட 'ரஜூலா' கப்பலைப் பற்றி வீட்டுப் பெரியவர்கள் பேசும்போது அந்தப் பேச்சில் உல்லாசம் இருந்ததில்லை. 1985இல் திறக்கப்பட்ட பினாங்குப் பாலத்தின் மேல் தீவை நோக்கிச் செல்லுகையில் இடது கைப்புறம் பச்சைப்பசேலென்று தெரிவது அதே ஜெரெஜாக்தான். முகாமும், தொழுநோய் விடுதியும், பின்னர் சிறைச்சாலையும் இருந்த அந்தத் தீவில் இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் உல்லாச விடுதி ஒன்றும் நடத்திப் பார்த்தார்கள். பேரப்பிள்ளைகள் ஜன்னல் வழியாக அதைப் பார்த்துக்கொண்டே உருளைக்கிழங்கு வறுவல் தின்கிறார்கள். யாராவது ஒருவர் அந்தக் கதையை அப்போது சொல்லலாம்; காரில் அடைபட்ட குழந்தைகளைப் போன்ற பொறுமையுள்ள சபை வேறு எங்கும் கிடைக்காது.

பாலத்தில் காருக்கு 5.74 வெள்ளி கட்டணம். தீவுக்குப் போகும்போது மட்டுமே வாங்குகிறார்கள். இந்த வெள்ளியை விட எனக்கு வருத்தம் தருவது, பட்டர்வொர்த் படகுத்துறையில் காரோடு ஏறி, எஞ்சினை நிறுத்திவிட்டு மேல்தளத்தில் காற்று வாங்கிக்கொண்டே அக்கரை சேர்கிற சுகம் போய்விட்டதே என்பதுதான். கார்களை ஏற்றிவந்த சேவை 2020ஆம் ஆண்டின் இறுதியோடு நின்றது. 2023இல் வந்த புதிய படகுகளில் நடந்து வருவோருக்கும் இருசக்கர வண்டிகளுக்கும் மாத்திரமே இடம். முன்னெல்லாம் படகில் ஏறியவுடனேயே பிரயாணத்தின் சந்தோஷம் தொடங்கிவிடும். இப்போது அது தஞ்சோங் பூங்காவைத் தாண்டி, மலைக்கும் கடலுக்கும் இடையே வளைந்து நெளிந்து செல்லும் அந்த ஒற்றைச் சாலையில், நெரிசலில் நின்று நின்று, கடைசியில்தான் தொடங்குகிறது.

சாலையின் இருமருங்கும் உள்ளவற்றுக்கும் சரித்திரம் உண்டு. 1903இல் தஞ்சோங் பூங்காவில் ஐரோப்பியர் தங்களுக்கென்று நீச்சல் மன்றம் ஒன்றை நிறுவி, மற்றவரை நெடுங்காலம் வெளியிலேயே நிறுத்தினார்கள். மீனவர் கிராமமாயிருந்த பத்து பிரிங்கியில் 1948இல் 'லோன் பைன்' ஓட்டலும், 1973இல் 'ராசா சாயாங்' ஓட்டலும் எழுந்தபின் உலகத்தார் வரத் தொடங்கினர். இன்று நிற வேற்றுமை இல்லை. பணம் உடையவர் யாரும் தங்கலாம். ஆனால் சனிக்கிழமை பதினொரு மணிக்குத் தீர்மானித்துப் புறப்பட்ட கூட்டத்துக்கு அங்கே அறை காலியாயிருப்பது அபூர்வம்; இருந்தாலும், ஓர் அறையில் இருவர் என்ற விதியும், பாட்டி, பேரன், மைத்துனர், மைத்துனரின் சிநேகிதர் என்ற நமது கணக்கும் ஒத்துப்போவதில்லை. ஒத்துப்போகவேண்டிய அவசியமும் இல்லை என்பதே என் கட்சி. ஓட்டலுக்கு எதிரில் உள்ள மணலில் யார் வேண்டுமானாலும் பாய் விரிக்கலாம். அலை, அறைவாடகை கொடுத்தவனுக்கும் கட்டுச்சோறு கொண்டுவந்தவனுக்கும் ஒரே உயரத்தில்தான் அடிக்கிறது. மாலையில் சாலையோரச் சந்தையை ஒரு சுற்றுச் சுற்றி, மாமாக் கடையில் தே தாரேக்கும் ரொட்டி சானாயும் முடித்துக்கொண்டு இரவு பத்து மணிக்கு வீடு திரும்புகிறவருக்கு எந்தக் குறையும் இல்லை.

இந்தச் சந்தோஷத்துக்கு நிஜமான விரோதி நாட்காட்டி. எங்கள் ஊரிலிருந்து கூலிம் அரைமணி நேர ஓட்டம்தான்; ஆனால் கூலிமும் சுங்கை பட்டாணியும் கெடா மாநிலம். பினாங்கில் சனியும் ஞாயிறும் விடுமுறை என்றால், கெடாவில் வெள்ளியும் சனியும். அக்காள் பிள்ளைக்கு ஞாயிற்றுக்கிழமை பள்ளி. தங்கை பிள்ளைக்கு வெள்ளிக்கிழமை பள்ளி. ஆக, எல்லைக்கு இருபுறமும் உறவு வைத்திருக்கிற குடும்பங்களுக்கு வாரத்தில் பொதுவாகக் கிடைப்பது ஒரே நாள். ஜொகூர் மாநிலம் 2025இன் தொடக்கத்திலிருந்து சனி, ஞாயிறு விடுமுறைக்குத் திரும்பிவிட்டது. கெடா திரும்புமென்று நான் எதிர்பார்க்கவும் இல்லை, அது அந்த மாநிலத்தார் தீர்மானிக்கவேண்டிய விஷயம். அந்த ஒற்றைச் சனிக்கிழமையின் அருமை தெரிந்தவர்களே அதைத் திட்டம் போட்டுத் தீர்த்துவிடாமல் இருக்கவேண்டும் என்பதற்காகச் சொல்லுகிறேன். (ஜூலை மாதக் கடைசியில் மட்டும் இது செல்லாது. செயின்ட் ஆன் தேவாலயத் திருவிழாவுக்காக ஊர் ஊராக ஜனங்கள் எங்களை நோக்கி வரும் அந்த நாட்களில், புக்கிட் மெர்தாஜாம்வாசிகள் தங்கள் தெருவை விட்டு வெளியேறுவதே பெரிய பிரயாணம்.)

இரு மாநிலத்தாருக்கும் பொதுவான இடம் வேண்டுமென்றால், தீவுக்குப் போகாமலே பெருநிலத்தில் நல்ல கரைகள் உண்டு. பட்டர்வொர்த்தை அடுத்த பாகான் ஆஜாமில் பந்தாய் பெர்சே. வடக்கே போனால், மெர்போக் ஆறு கடலில் கலக்குமிடத்தில் பந்தாய் மெர்டேக்கா. பின்னதில் எதிர்க்கரையான தஞ்சோங் டாவாய்க்குப் படகில் போய்க் கருவாடும் நெத்திலியும் வாங்கி வரலாம். தூரத்தில் ஜெராய் மலை நிற்கும். மீனின் விலையைப் பற்றிப் பெண்கள் படகிலேயே தொடங்கும் விவாதம் வீடு வந்து சேரும்வரை ஓயாது. நீலக்கடலையும் வெண்மணலையும் எதிர்பார்த்துப் போகிறவர்களுக்கு இந்தக் கரைகள் ஏமாற்றமளிக்கும். நீர் சற்றுக் கலங்கல்தான், ஓதம் இறங்கினால் சேறும் தெரியும். உறவினரைப் பார்க்கப் போகிறவருக்கு நீரின் நிறம் ஒரு பொருட்டல்ல.

திடீரென்று புறப்படுவது வேறு, அஜாக்கிரதையாகப் போவது வேறு. 2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை. பள்ளி விடுமுறைக் காலம். அன்று பகல் ஒரு மணிக்குப் பிறகு பினாங்குக் கரையை அடைந்த ஆழிப்பேரலையால் இந்நாட்டில் மாண்ட 68 பேரில் பெரும்பாலோர் பினாங்கு மாநிலக் கரைகளில் மாண்டவர்கள். பாலிக் பூலாவை அடுத்த பாசிர் பாஞ்சாங்கில் உயிரிழந்தவர்களில் பலர், நம்மைப் போலவே சோற்றுப் பொட்டலங்களோடு ஓய்வுநாளைக் கழிக்கப் போயிருந்த குடும்பத்தினர். கடல் அசாதாரணமாக உள்வாங்கினால் வேடிக்கை பார்க்க இறங்காமல் மேட்டை நோக்கி ஓடவேண்டும் என்பதை இன்று ஒவ்வொரு குழந்தையும் அறிந்திருக்க வேண்டும். நித்தியமான அபாயம் இன்னொன்று: வடகரை நீரில் திரியும் சொறிமுட்டை. அதில் பெட்டி வடிவமுள்ள ஜாதி உயிருக்கே ஆபத்தானது. தெலுக் பஹாங்கில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் கடல் ஆய்வு நிலையத்தார் அதைப் பற்றி ஆராய்ந்து வருகிறார்கள். கொட்டிய இடத்தைத் தேய்க்காமல், நல்ல தண்ணீரால் கழுவாமல், காடியை ஊற்றிவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போகவேண்டும். ஊறுகாய் ஜாடியை மறவாத அத்தைமார்கள் இனி ஒரு புட்டிக் காடியையும் பையில் போட்டுக்கொள்வார்களாக.

பொதுக் கரைகளைப் பராமரிப்பதில் அதிகாரிகளுக்கு இருக்கவேண்டிய அக்கறையைப் பற்றியும் சொல்லியாகவேண்டும். ஒரு பயணியர் விடுதி கட்ட நிலம் ஒதுக்கும்போது காட்டுகிற உற்சாகத்தில் பத்தில் ஒரு பங்கு, விடுதியில் தங்காத ஜனங்களின் ஸௌகரியத்திலும் காட்டப்பட வேண்டும். அவர்கள் கேட்பது அதிகமில்லை. உப்பைக் கழுவிக்கொள்ள நல்ல தண்ணீர்க் குழாய். பெண்கள் உடை மாற்றிக்கொள்ளத் தாழ்ப்பாள் உள்ள அறை. வயதானவர்கள் உட்கார நிழல் தரும் மரமும் அதன் கீழ் ஒரு மேடையும். சனி, ஞாயிறுகளில் நீச்சல் தெரிந்த காவலர். சொறிமுட்டை பற்றித் தமிழிலும் எழுதிய ஓர் அறிவிப்புப் பலகை. 2019இல் மாநகராட்சியாக உயர்ந்த செபராங் பிறை மன்றம், தன் எல்லைக்குட்பட்ட கரைகளிலாவது அடுத்த பள்ளி விடுமுறைக்கு முன் இவற்றைச் செய்து கொடுக்கட்டும். குப்பையை வண்டியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவரும் பொறுப்பை நாங்கள் எடுத்துக்கொள்கிறோம்.